கஸ்கேடியா கோப்பை: பிளே-ஆஃப் வெற்றி கணக்கில் வருமா?

நண்பரே, அமெரிக்கா-கனடா கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் 2018 பிளே-ஆஃப் சுற்றில் போர்ட்லாந்து டிம்பர்ஸ் பெனால்டி ஷூட்டவுட்டில் சியாட்டில் சவுண்டர்ஸை வெளியேற்றியதே, அது ஏன் கஸ்கேடியா கோப்பைக் கணக்கில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அது சேராது. போர்ட்லாந்து, சியாட்டில், வான்கூவர் வைட்கேப்ஸ் மூன்றும் தங்களுக்குள் ஆடும் வழக்கமான லீக் ஆட்டங்களின் புள்ளிகளைத்தான் கூட்டுவார்கள். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. பிளே-ஆஃப், யு.எஸ். ஓப்பன் கப் எல்லாம் வேறு கணக்கு. தனி இறுதிப்போட்டியும் கிடையாது.

இந்தக் கோப்பை லீக் கொடுத்ததல்ல. 2004-ல் மூன்று ஊர் ரசிகர் குழுக்களும் சேர்ந்து உருவாக்கியது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். பின்னாளில் கனடாவில் அந்தப் பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிய லீக் முயன்றபோது, மைதானத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிற மூன்று கூட்டமும் ஒன்றாக எதிர்த்து நின்றது!

போர்ட்லாந்தில் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்றீர்களே, டிம்பர்ஸின் தீவிர ரசிகர்கள் நிற்கும் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். சொந்த அணி கோல் அடித்ததும், அணியின் அடையாளமான மரவெட்டி டிம்பர் ஜோயி ரம்பத்தை எடுத்துப் பெரிய மரக்கட்டையிலிருந்து ஒரு வட்டத் துண்டு அறுப்பார். ஆட்டம் முடிந்ததும் அது கோல் அடித்தவருக்குப் பரிசு. இரண்டு அணிக்கும் பச்சைதான் நிறம், ஆனால் சியாட்டிலின் பளீர்ப் பச்சையை மட்டும் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.