80 வயதில் இதய வால்வு: மருத்துவர் சொல்லும் '5 சதவீத ஆபத்து' எதைக் குறிக்கிறது?

உங்கள் தாயாருக்கு 80 வயது, பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கிவிட்டது, வால்வு மாற்றினால் உயிருக்கு ஆபத்து 5 சதவீதம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதை நம்பி முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு இதே வால்வுக்காக அலைந்த மகள். எங்களுக்குச் சொன்ன எண் 6. அண்ணன் அதைக் கேட்டு நிம்மதியானான், அம்மா அழுதுவிட்டார்.

அது எதன் 5 சதவீதம் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எஸ்.டி.எஸ். என்ற அமெரிக்கக் கணக்காகவோ, யூரோஸ்கோர் என்ற ஐரோப்பியக் கணக்காகவோ இருக்கும். வயது, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் செய்யும் திறன், நுரையீரல் நோய் போன்றவற்றை உள்ளே கொடுத்தால் ஒரு சதவீதம் வரும். எஸ்.டி.எஸ்.ஸில் 4க்குக் கீழே குறைந்த ஆபத்து, 8க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான பிரிப்பு. இரண்டுமே நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையை மனதில் வைத்து உருவானவை. எஸ்.டி.எஸ். சொல்வது மருத்துவமனையிலோ 30 நாட்களுக்குள்ளோ இறக்கும் வாய்ப்பை மட்டுமே. ஓராண்டு கழித்து அம்மா தானாக எழுந்து குளிப்பாரா என்பதற்கு அதில் பதில் கிடையாது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி வால்வு பொருத்தும் டாவி முறைக்கு அதே எண்ணைச் சொன்னால், அது தோராயம்தான்.

எங்கள் இதய மருத்துவர் 6 என்று சொல்லிவிட்டு, அப்பாவை நடைக்கூடத்தில் நடக்கச் சொன்னார். 5 மீட்டர் தூரம், வழக்கமான வேகத்தில். 6 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மெதுவான நடை. அப்பாவுக்கு 9 ஆனது. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னார். 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும். மூன்றாவது முறையே அப்பாவின் கை தானாகக் கைப்பிடிக்குப் போய்விட்டது. இந்த நாற்காலிச் சோதனையுடன் நினைவாற்றல், ஹீமோகுளோபின், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே இருக்கிறதா என்பதையும் சேர்த்து 5க்கு மதிப்பெண் போடும் ஒரு முறை 2017இல் வெளியானது. மருத்துவர் பார்த்தது அதைத்தான். முதியவரின் தளர்ச்சி என்பது இதுதான், ஆபத்துக் கணக்குகளில் சரியாக விழாத சங்கதி.

அப்பாவுக்கு அல்புமின் 3.1. ஏன் என்று வீட்டில் எங்களுக்கே தெரியவில்லை. வால்வு பொருத்துமுன் பல்லில் கிருமித்தொற்று இருக்கக் கூடாது என்று பல் மருத்துவரிடம் அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பல்செட் குத்துகிறது, யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் ரசம் சாதத்திலேயே காலம் தள்ளியிருக்கிறார்! பல்செட்டைச் சரிசெய்து, முட்டையும் பருப்பும் கூட்டி, இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் உட்கார்ந்து எழும் பயிற்சி கொடுத்து, ஐந்து வாரம் கழித்து டாவி செய்தார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க அவர் நிலைமை இடம் கொடுத்தது. எல்லோருக்கும் கொடுக்காது.

ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்பதையும் அந்த 5க்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வால்வு சுருங்கியவர்களின் ஆயுள் நெஞ்சுவலி வந்தபின் சுமார் 5 ஆண்டு, மயக்கம் வந்தபின் 3, இதயம் தளர்ந்து மூச்சிரைப்பு வந்தபின் 2 என்று ராஸ், பிரவுன்வால்ட் என்ற அமெரிக்க இதய மருத்துவர்கள் 1968லேயே எழுதினார்கள். 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவை தாங்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட முதியவர்களில், டாவி செய்யாதவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டில் இறந்தார்கள். செய்துகொண்டவர்களில் 30.7 சதவீதம். இந்த இரண்டாவது எண்தான் என்னை உறுத்தியது. வால்வு சரியான பிறகும் பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள் என்றால், அவர்கள் உடம்பில் வால்வைத் தவிர வேறு பலவும் தேய்ந்துபோயிருந்தன.

அடுத்த முறை அம்மாவுக்கு மயக்கம் ஏதும் இல்லையென்றால், வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தே மருத்துவரின் அறைக்குள் போகட்டும். அவர் எப்படி நடக்கிறார் என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.