பட்டறைப் பக்கம்: கைவேலைக்கு என்ன விலை?

நகை செய்யக் கொடுப்பது, செய்து விற்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகைகளுக்குக் கல் பதிக்கும் ஆசாரி பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, என் மகளுக்கு வருகிற ஆவணியில் அரங்கேற்றம். உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் தலைச்சாமான் செய்ய, 2025 ஜனவரியில் விலை கேட்டபோது 42,000 என்றார்கள். பணம் புரட்டிக்கொண்டு டிசம்பரில் போனால் 70,000 என்கிறார்கள். வெள்ளி 150 கிராம், தங்க ரேக்கு (கல்லைச் சுற்றி வைக்கும் மெல்லிய தங்க இதழ்) 1 கிராம் என்று சீட்டில் எழுதியும் தந்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் 28,000 ஏறுமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

ஏறும் அம்மா. அந்தச் சீட்டை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம். எடையை எழுதிக் கொடுக்கிற பட்டறை கிடைத்ததே நல்ல விஷயம்.

ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் வெள்ளி கிராம் 98 ரூபாய். 150 கிராமுக்கு 14,700. டிசம்பர் நடுவில் கிராம் 210 ரூபாயை ஒட்டி நின்றது. அதே எடைக்கு 31,500. வெள்ளியில் மட்டும் 16,800 கூடிவிட்டது. ரேக்கு அடிப்பது சுத்தத் தங்கத்தில். பவுன் 57,000 சொச்சத்திலிருந்து லட்சத்தைத் தொட்டதில், அந்த ஒரு கிராம் ரேக்குக்கே 5,800 ரூபாய் போல ஏறியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் 22,600. மிச்சம் 5,400 ரூபாய்தான் கல், அரக்கு, பாலிஷ், கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டறைக்காரர் கூட்டியது. உங்களுக்கு 28,000 பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அந்த 5,400 சின்னதாகத் தெரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல் என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சாமான்கள் ஒருவர் கையில் முடிவதில்லை. வெள்ளித் தகட்டை வெட்டி, கல் உட்காரக் கட்டம் கட்டிப் பற்ற வைப்பவர் ஒருவர். அப்புறம் என்னைப் போலக் கல் பதிப்பவர். கட்டத்துக்குள் அரக்கை உருக்கி நிரப்பி, கெம்புக் கல்லை உட்கார வைத்து, சுற்றிலும் ரேக்கை மடித்து மடித்துச் செருகி, கூரான எஃகு ஊசியால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். கல்லைப் பிடித்து நிறுத்துவது அந்த ரேக்குதான். அவசரப்பட்டால் ஆறாவது மாதமே கல் கொட்டும். அதுவும் ஆடுகிற பெண்ணின் தலையிலிருந்து, மேடையில். ராக்கொடியில் எத்தனை கல் இருக்கிறது என்று மகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதே வேலைதான்.

இந்த வேலைக்கு ஆள் இல்லை. வடசேரி நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம்தான். அதற்காகப் பையன்கள் பட்டறையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்களா? எங்கள் பக்கம் கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரத்துக்கு மேல். கை பழகுகிற வரைக்கும் சில வருஷம் அரைக் கூலிக்கு எவன் இருப்பான்? இருக்கிற நாலு பேரைத் தக்கவைக்கக் கூலியைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு யோசனை. அரங்கேற்றத்துக்கு வேண்டிய மற்ற நகைகளில் ஒட்டியாணமும் ஜடைநாகமும்தான் எடையை இழுக்கும். அவற்றை இமிடேஷனில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் வருவதை மட்டும் வெள்ளியில் செய்யுங்கள். ‘தகட்டை மெல்லிசாகப் போட்டு 120 கிராமில் முடித்துக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். மெல்லிய தகடு வளையும், வளைந்தால் உள்ளே அரக்கு விரியும், கல் நிற்காது.

ஐயா, வீட்டிலிருந்தே வெள்ளிக் கம்பியில் கம்மல் பின்னி விற்கிறேன். ஜோடி 600 ரூபாய். ஒரு ஜோடியில் 4 கிராம் வெள்ளி, கூட இரண்டு பாசிமணி. 2024-இல் வைத்த விலை. ஏற்றினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. ‘கடையில் இதே மாதிரி 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே’ என்றும் கேட்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, மதுரை

தங்கச்சி, 2025 டிசம்பர் விலைப்படி கிராம் 210 என்றால் 4 கிராம் வெள்ளி மட்டுமே 840 ரூபாய். நீ 600-க்கு விற்கிறாய். அதாவது உன் வேலையைச் சும்மா கொடுத்து, கூடவே 240 ரூபாயையும் உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறாய். பழைய கம்பி கையிருப்பு இருப்பதால் உறைக்கவில்லை. அடுத்த கம்பிச் சுருள் வாங்கும்போது தெரியும். நாளைக்கே விலையை மாற்று.

ஒரே தொகையாகச் சொல்லாதே, இரண்டாகப் பிரித்துச் சொல். வெள்ளி இவ்வளவு கிராம், அன்றைய விலை. கூலி இவ்வளவு, அது நிலையானது. வெள்ளி ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று நேராகச் சொல்லிவிட்டால் ஆட்கள் சண்டை போடுவதில்லை. பெட்ரோல் பங்கில் யாரும் பேரம் பேசுவதில்லையே. சொன்ன விலை மூன்று நாளைக்குத்தான் என்று எழுது. முன்பணம் வந்த அன்றைக்கே அந்த எடைக்கு வெள்ளியை வாங்கிவிடு. முன்பணத்தைச் செலவழித்துவிட்டுப் பத்து நாள் கழித்து வெள்ளி வாங்கப் போன பட்டறைகள்தான் 2025-இல் அதிகம் அடிபட்டன.

கூலியை எப்படிப் போடுவது என்பாய். ஒரு ஜோடிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள். பின்னுவது மட்டும் வேலை இல்லை. அரம் போடுவது, பாலிஷ், போட்டோ எடுப்பது, பதில் எழுதுவது, கூரியர் ஆபீசில் நிற்பது எல்லாம் சேரும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு உங்கள் தெருவில் மணிக்கு என்ன கொடுக்கிறார்களோ, அதற்குக் கீழே உன் மணிக் கூலியைப் போடாதே. அப்புறம் டப்பா, கூரியர், உடைந்து திரும்பி வருவது, இந்தச் செலவையும் சேர்.

விலை கூடிப்போச்சு என்று தோன்றினால் டிசைனைச் சின்னதாக்கு, இரண்டரை கிராமில் முடியும்படி ஒன்று யோசி. கொக்கிக் கம்பியை மட்டும் மெல்லிசாக்காதே. காதில் ஏறும் இடம், வளைந்தால் உன் பெயர் கெடும். அந்த 150 ரூபாய்ச் சாமான் வெள்ளியே இல்லை. அதைக் கேட்கிறவர் உன்னிடம் வாங்கப் போகிறவரும் இல்லை, அவருக்காக விலை வைக்காதே.

கடையில் ‘கையால் செய்தது’ என்று ஒரு பவுன் சங்கிலிக்கு 18 சதவீதம் சேதாரம் கேட்கிறார்கள். கைவேலைக்கு மரியாதை என்று கொடுத்துவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

மரியாதை கொடுங்கள் சார், சதவீதத்தில் கொடுக்காதீர்கள். பவுன் 57,200 விற்றபோது 18 சதவீதம் என்பது 10,296 ரூபாய். லட்சத்தைத் தொட்டபோது 18,000. சங்கிலி அதே சங்கிலி, கண்ணி அதே கண்ணி, செய்தவர் உட்கார்ந்த நேரமும் அதே நேரம். கூடின 7,700 ரூபாய் பட்டறைக்கு வந்ததா என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பல இடத்தில் ஆசாரிக்குக் கூலி கிராமுக்கு இவ்வளவு என்று எப்போதோ பேசி வைத்ததுதான். தங்கம் ஏறினால் விற்பனை குறையும், பட்டறைக்கு ஆர்டர் குறையும். ஏற்றத்தால் அவருக்கு வருவது அதுதான்.

சேதாரம் நிஜமாகவே இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அரம் போடுவதிலும் பாலிஷிலும் தூள் போகும். ஆனால் அந்தத் தூளை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. பட்டறைக் குப்பையையே காசு கொடுத்து வாங்கி, அரித்துத் தங்கம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ரூபாயில் சொல்லச் சொல்லுங்கள். இன்ன எடை, இன்றைய விலை, செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து இவ்வளவு ரூபாய், 3 சதவீத ஜிஎஸ்டி. ஹால்மார்க் முத்திரையோடு வரும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண் நகையில் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். அது தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி, கைவேலைக்கு அல்ல. கைவேலையா என்று பார்க்க நகையின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எல்லாக் கண்ணியும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் மெஷின் என்று சந்தேகப்படலாம்.

பாட்டியின் கெம்பு அட்டிகையை அழித்துப் புதிதாகச் செய்யலாமா? தங்கம் நல்ல விலை போகிறதே.
— வாசகி, கும்பகோணம்

வேண்டாம். தராசில் 40 கிராம் காட்டினாலும் அதில் கல்லும் அரக்கும் எவ்வளவு என்று உருக்கிய பிறகுதான் தெரியும். பாட்டி காலத்துக் கூலிக்கு ஒரு பைசாகூடத் திரும்பி வராது. அதே அட்டிகையை இன்றைக்குச் செய்யக் கூலி கேட்டால் மலைத்துப் போவீர்கள். ஆடுகிற கல்லை மட்டும் திரும்பப் பதித்து, அரக்கு மாற்றி, பாலிஷ் போட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, கல்லை எண்ணி, எடையோடு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர யோசிக்கிற பட்டறையில் கொடுக்க வேண்டாம்.