படி இறங்கும் வலி

அன்புள்ள சார்,

நான் உடற்பயிற்சி தொடங்கி நான்கு மாதமாகிறது. இடையில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில் பழைய எடையிலேயே ஸ்குவாட் (பஸ்கிதான்) ஐந்து செட், பிறகு கையில் டம்பெல்லோடு, ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி எழும் லஞ்ச், கடைசியில் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ். அன்று ஒன்றும் தெரியவில்லை. திங்கள் காலை லேசான இறுக்கம். செவ்வாய்க்கிழமை கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். கூட வருபவர், “லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு, அதே பயிற்சியை இன்னொரு தடவை செஞ்சா கரைஞ்சிடும்” என்கிறார். இன்னொருவர் ஒரு வாரம் அசையாமல் படுக்கச் சொல்கிறார். வலி மாத்திரை போடலாமா என்றும் தெரியவில்லை.

இதைவிட உள்ளுக்குள் அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. மறுநாள் வலிக்காவிட்டால் அன்று செய்த பயிற்சி வீண் என்றே மனசு சொல்கிறது. வலித்தால் ஒரு திருப்தி. இது சரியா?

ச.

அன்புள்ள ச.,

மற்றதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். வழக்கமான மஞ்சள் என்றால் மேலே படியுங்கள். பால் கலக்காத டீ போலவோ கோலா போலவோ கருத்துப் போனால், அல்லது தொடை கல் மாதிரி வீங்கி நேரம் ஆக ஆக பலம் குறைந்துகொண்டே வந்தால், இதை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ராப்டோமயோலிசிஸ் என்று அதற்குப் பெயர். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது இடிபாடுகளுக்குள் கைகால் நசுங்கிக் கிடந்தவர்கள், உயிரோடு மீட்கப்பட்டும் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதினார்கள். இடிபாடு எதுவும் இல்லாமலே, இடைவெளி விட்டு வந்து ஒரே நாளில் கால்களைப் பிழிந்தெடுப்பவர்களுக்கும் இந்த நிலை வருவதுண்டு. அபூர்வம்தான். ஆனால் நீங்கள் காய்ச்சலிலிருந்து எழுந்து நேராக அங்கே போயிருக்கிறீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். இன்னொன்று, வலி இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், தேய்த்துவிடக் கூடாது.

இவை இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இது தாமதமாக வரும் தசைவலி. கடுமையான பயிற்சி முடிந்து அரை நாளோ ஒரு நாளோ கழித்துத் தலைகாட்டும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஐந்தாறு நாளில் இறங்கிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் கிழமைக் கணக்கு அப்படியே இதற்குப் பொருந்துகிறது. இன்று உங்கள் வலி உச்சியில் இருக்கிறது, இனி இறக்கம்தான்.

லாக்டிக் ஆசிட் கதையை விட்டுவிடுவோம். பயிற்சியின்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட், முடித்த ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே போய்விட்ட ஒன்று செவ்வாய்க்கிழமை எப்படி வலிக்கும்? 1983இல் இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே ஆட்களை ஒரு தடவை சமதளத்திலும் ஒரு தடவை இறக்கத்திலும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, பின்னால் வலி வரவில்லை. இறக்கத்தில் லாக்டேட் ஏறவேயில்லை, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கால் வலித்தது.

இந்த இறக்கம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இருபத்தேழு வயதில் நண்பர்களோடு ஒரு மலைக்குப் போனேன். ஏறும்போது நெஞ்சு வெடித்துவிடும் போல மூச்சு வாங்கியது, பத்து அடிக்கு ஒரு தடவை நின்றேன். இறங்கும்போது பேசிச் சிரித்துக்கொண்டு, சில இடங்களில் ஓடிக்கூட இறங்கினோம். உடம்புக்கு வேலையே இல்லாத மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை நாற்காலியில் உட்காரப் போனேன். பாதி தூரம் வரை தொடை தாங்கியது. கடைசி ஒரு சாண் இருக்கும்போது பிடி விட்டுப்போய்த் தொப்பென்று விழுந்தேன். முட்டிக்கு மேல், தொடையின் முன்பக்கம், விரல் பட்டாலே பச்சைப் புண்ணைத் தொட்டது போல. ஏறியதால் வந்த வலி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இறங்கியதால் வந்தது அது.

தசை சுருங்கிக்கொண்டே எடையைத் தூக்குவது ஒரு வேலை. நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிப்பது வேறு வேலை. பஸ்கி எடுக்கும்போது எழுவது முதல் வகை, உட்காருவது இரண்டாம் வகை. உட்காரும்போது தொடையின் முன்தசை இழுபட்டு நீள்கிறது, அதே நேரம் நாம் விழுந்துவிடாமல் பிரேக் மாதிரி பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அதே எடைக்கு எழும்போது வேலை செய்வதைவிடக் குறைவான தசைநார்களே இப்போது வேலைக்கு வருகின்றன. மூச்சும் குறைவாகவே செலவாகும், அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாரின் மேலும் பாரம் கூடுதல். லஞ்ச்சில் முன்காலை வைத்து இறங்குவதும் இதே கதைதான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்த மூன்றிலும் இறக்கம் இருக்கிறது. இப்போது மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது ஏன் கொடுமையாக இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில். எந்த வேலையால் வலி வந்ததோ, படி இறங்கும்போது அதே வேலையைத் தொடையிடம் மறுபடி கேட்கிறீர்கள். பின்பக்கமாக இறங்கக் கற்றுக்கொண்டது உங்கள் உடம்பின் சமயோசிதம். கைப்பிடியை மட்டும் விடாதீர்கள். இந்த நாட்களில் தசையின் பலம் மட்டுமல்ல, கால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும் கணக்கும் சற்றுப் பிசகும்.

உள்ளே என்ன நடக்கிறது? 1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், விரல் தசைகளுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தாமத வலி களைப்பு அல்ல, தசைக்குள் ஏற்படும் கிழிசல் என்று எழுதினார். 1981இல் ஸ்வீடனில் சிலரைப் படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்கவைத்து, கால் வலித்தபோது தசையில் துணுக்கெடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தசைநாருக்குள் வரிசையாக, நேர்கோடாக நிற்க வேண்டிய இணைப்புகள் அங்கங்கே கலைந்து, குழம்பிக் கிடந்தன. ஹஃப் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் கிழிசலே வலி என்று நினைத்துவிடக் கூடாது. கிழிசல் ஞாயிறன்றே நடந்துவிட்டது, அப்போது உங்களுக்கு வலிக்கவில்லை. சீர்செய்யும் வேலை தொடங்கி, அழற்சி உண்டாகி, தசையிலும் அதைச் சுற்றிய உறையிலும் இருக்கும் நரம்பு முனைகள் கூர்மையாகிவிடும்போதுதான் வலி வருகிறது. சாதாரண நாளில் அழுத்தினால் ஒன்றும் தெரியாத இடம் இப்போது தொட்டாலே அலறுவது அதனால்தான். வலி எவ்வளவு என்பதை வைத்துச் சிதைவு எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. நன்றாகச் சிதைந்த தசை குறைவாக வலிப்பதும், கொஞ்சம் பிசகியது கூப்பாடு போடுவதும் உண்டு.

இனி என்ன செய்வது? உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் தப்பு. அதே பயிற்சியைச் செய்தால் கரையாது, ஆறாத இடத்தில் மறுபடி இடிக்கிறீர்கள். அசையாமல் படுத்தால் இறுக்கம் கூடும். நடங்கள், சமதளத்தில், மெதுவாக. முதல் ஐம்பது அடி கட்டைக் காலில் நடப்பது போல இருக்கும். பிறகு தொடைக்குள் சூடு பரவி, ஒரு முடிச்சு தளர்வது போலத் தெரியும். பத்து இருபது நிமிடம் போதும். சைக்கிள் மிதிப்பது இன்னும் நல்லது, அதில் இறக்கமே இல்லை. உட்கார்ந்து அரை மணி கழித்து எழுந்தால் வலி திரும்ப வந்திருக்கும், மனம் தளர வேண்டாம். அசைவு தருவது தற்காலிக ஆறுதல், ஆனால் நம்பகமான ஆறுதல்.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் போய்விடும் என்பார்கள். அதைச் சோதித்த 12 ஆய்வுகளைத் திரட்டி 2011இல் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டது. அவற்றுள் ஒன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு. வலியை நூறு புள்ளிக்கு அளந்தால் ஸ்ட்ரெச்சிங் குறைத்தது அரையிலிருந்து நான்கு புள்ளி. அதாவது உணரவே முடியாத அளவு. பிடித்திருந்தால் மென்மையாகச் செய்யுங்கள், இழுத்துப் பிடித்து வலியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மசாஜ், தசையின் மேல் உருட்டித் தேய்க்கும் ஃபோம் ரோலர் இரண்டும் ஓரளவு இதம் தரும்.

ஐஸ் தண்ணீரில் காலை வைப்பது வலியைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் 2015இல் வந்த ஓர் ஆய்வில், 12 வாரம் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் குளிர்ந்த நீரில் இறங்கியவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தன. அடுத்த நாளே போட்டி இருக்கும் வீரருக்கு அது உதவும். தசை வளர வேண்டும் என்று பாடுபடும் உங்களுக்கு அதைப் பழக்கமாக்கிக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறேன். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கடும் பயிற்சி, வியர்வை, தண்ணீர்க் குறைவு, தசைச் சிதைவு எல்லாம் சேர்ந்திருக்கும் நேரத்தில் அதையும் ஏற்ற வேண்டாம். தினமும் 1200 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் சாப்பிட்ட இளவயதினருக்குத் தசை வளர்ச்சியே மட்டுப்பட்டது என்று 2018இல் ஸ்வீடனில் கண்டார்கள். தூங்கவே முடியாத இரவு என்றால், உங்கள் உடல்நிலை தெரிந்த மருத்துவரைக் கேட்டு ஒரு வேளை பாராசிட்டமால் போடுங்கள். அதற்கு மேல் தேவைப்படாது. தண்ணீர், புரதம், தூக்கம் பற்றி உங்களுக்கே தெரியும். மூன்றில் தூக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் திருடுகிறார்கள்.

இப்போது அந்தத் திருப்தி. உங்களைப் போல எத்தனையோ பேர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் அப்படி இருந்தவன். உழைத்தோம் என்பதற்குக் கையில் ஒரு ரசீது வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் மாற்றத்துக்கு மாதங்கள் ஆகும், வலி மறுநாளே வந்து நிற்கிறது. ஆனால் வலி சொல்வது ஒன்றே ஒன்று: நேற்று உடம்புக்குப் பழக்கமில்லாததைச் செய்தாய். பிரேசிலில் 10 இளைஞர்களுக்கு 10 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, தசைக்குள் புதுப் புரதம் எவ்வளவு உருவாகிறது என்று அளந்தார்கள். 2016இல் வெளியானது. முதல் பயிற்சிக்குப் பிறகுதான் புரதம் மிக அதிகமாக உருவானது, சிதைவும் அப்போதுதான் மிக அதிகம். ஆனால் அந்தப் புரதத்துக்கும் கடைசியில் தசை எவ்வளவு பெருத்தது என்பதற்கும் தொடர்பே இல்லை. உடைந்ததை ஒட்டவே அது செலவாகியிருந்தது. சிதைவு குறைந்த பின் வந்த வாரங்களில் உருவான புரதம்தான் வளர்ச்சியோடு பொருந்தியது. நீங்கள் வீண் என்று நினைக்கும் வலியில்லாத நாட்களில்தான் உங்கள் தொடை வளர்ந்திருக்கிறது, ச.

இதோடு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு தடவை இப்படி அடிபட்ட தசை, அதே வேலையை அடுத்த தடவை மிகக் குறைந்த வலியோடு செய்யும். அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கிலும். அதை வாங்க இவ்வளவு விலை கொடுத்திருக்கத் தேவையில்லை, ஞாயிறன்று பாதி எடையில் இரண்டு செட் செய்திருந்தாலே அதில் பெரும்பகுதி கிடைத்திருக்கும்.

அடுத்த லெக் டே எப்போது என்று கிழமை சொல்லமாட்டேன். நாற்காலியில் கை ஊன்றாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். அந்தக் கடைசி ஒரு சாணையும் தொடை விழாமல் தாங்கினால் போகலாம். வலி போன பிறகும் பலம் முழுதாகத் திரும்பச் சில நாள் பிடிக்கும், அதனால் பழைய எடையில் பாதி, இரண்டு செட் ஸ்குவாட், லெக் பிரஸ் ஒரு செட். லஞ்ச் அந்த வாரம் வேண்டாம், அதற்கடுத்த வாரம் டம்பெல் இல்லாமல் தொடங்குங்கள். அதுவரை கை, தோள், முதுகுக்கான பயிற்சிகளைத் தாராளமாகச் செய்யலாம்.

அன்புடன்.