அடைப்புக்குறிக்குள் ஒளிந்த நாலு பக்கம்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். முதலாண்டுத் தமிழ்ப் பாடத்தில் சிலப்பதிகாரப் பகுதிகள் இருந்தன. பிடிக்கவே இல்லை. அந்த ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் ‘பாடத்திட்டம் வாசிப்பை வளர்க்கிறதா, கெடுக்கிறதா’ என்ற தலைப்பில், கெடுக்கிறது என்று சிலப்பதிகாரத்தையே உதாரணம் காட்டிப் பேசி முதல் பரிசு வாங்கினேன். (அன்று நான் படித்திருந்தது வழிகாட்டி நூலில் இருந்த நாலு பக்கச் சுருக்கம்தான்.) இந்த விடுமுறையில் நூலையே எடுத்துப் படித்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை. பாட்டிலும் இதே கதை. அப்பாவைப் போலப் பழைய பாடல்கள்தான் பாடல்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள், இப்போது விடுதியில் அறைத்தோழி வைக்கும் புதுப் பாடல்களையும் கொரியப் பாடல்களையும் முணுமுணுக்கிறேன். இந்த ஆண்டும் அதே தலைப்பு. எதிரணியில் பேசக் கூப்பிடுகிறார்கள். தோழிகள் ‘பச்சோந்தி’ என்கிறார்கள். எனக்கென்று ஒரு கருத்தே கிடையாதா?
பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: மகளே, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அவசரமாக நகர்ந்துவிட்டாயே, அந்த நாலு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முப்பது காதைகள் கொண்ட காப்பியத்துக்கு நாலு பக்கச் சுருக்கம். அதில் கோவலன் வருவான், கண்ணகி வருவாள், மதுரை எரியும், தேர்வில் ஐந்து மதிப்பெண் வரும், வேறெதுவும் வராது. அதைப் படித்துவிட்டு மேடையில் சொன்னதை உன் கருத்து என்று எண்ணிக்கொண்டு, அது மாறிவிட்டதே என்று இன்று வருந்துகிறாய். எது மாறியது? சிலப்பதிகாரத்தைப் பற்றி உனக்கு ஒரு கருத்து பிறந்ததே இந்த விடுமுறையில்தான். அதற்கு முன் இருந்தது, கடைசி மணி வகுப்பின் கொட்டாவி.

பரிசு கொடுத்த நடுவரை நான் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் பேசியிருப்பாய். கொடுத்த அணிக்கு வாதாடுவதுதான் பட்டிமன்றம். வக்கீல் கட்சிக்காரருக்காகப் பேசுவதில்லையா, அது போல. தொல்லை எங்கே வருகிறது என்றால், வழக்கு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வக்கீல் தன் வாதத்தையே நம்பிக்கொண்டிருக்கும்போது. அன்று இரவு கைதட்டலைக் காதில் வைத்துக்கொண்டே தூங்கியிருப்பாய். காலையில் எழுந்தபோது அரங்கத்தோடு சேர்ந்து நீயும் உன் பேச்சுக்கு மயங்கிவிட்டாய். பேச வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒருமுறை வரும் காய்ச்சல் இது. எனக்கும் வந்து போயிருக்கிறது.

உன்னைவிடப் பெரிய மாணவர் ஒருவரின் கதை சொல்கிறேன். 1880-ல் உ.வே. சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று பட்டியலை அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அத்தனை பெரிய படிப்பில் அவை இடம்பெறவே இல்லை. ‘என் சரித்திர’த்தில் இந்தச் சந்திப்பை அவரே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகுதான் சுவடி தேடும் அலைச்சல் தொடங்கியது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1892-ல் சிலப்பதிகாரம். அன்று அவர் தம் பட்டியலைக் காப்பாற்றிக்கொள்ள வாதாடியிருக்கலாம்; வாதத் திறமைக்கா அவரிடம் பஞ்சம்? நீ விடுமுறையில் கீழே வைக்க முடியாமல் படித்த நூல், ஒருவர் தம் படிப்பின் குறையை ஒத்துக்கொண்டதால் அச்சேறிய நூல்.

சரி, பச்சோந்தி விஷயத்துக்கு வருவோம். அதற்கு விடை நீ படித்த நூலிலேயே இருக்கிறது. தேர்வில் கேட்காத இடத்தில் இருப்பதால் கண்ணில் பட்டிருக்காது. பாண்டியனின் மனத்தை அந்தக் கதையில் இரண்டு பேர் திருப்புகிறார்கள். ஒருவன் பொற்கொல்லன். அவன் வந்த நேரம் எப்படிப்பட்டது, கவனித்தாயா? ஆடல் மகளிரின் ஆட்டமும் பாட்டும் அரசனின் உள்ளத்தைக் கவர்ந்துவிட, அரசி ஊடல் கொண்டு, தலைநோய் என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நடையில் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான் பொற்கொல்லன். அரசியின் கோபம் தணிய ஒரு சிலம்பு கிடைத்தால் போதும் என்றிருந்தவனுக்கு, விசாரிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இன்னொருத்தி கண்ணகி. ‘தேரா மன்னா’ என்று அவள் தொடங்குவதைத்தான் எல்லா மேடையிலும் முழங்குகிறோம். ஆனால் அந்த முழக்கத்தில் அரசன் அசையவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று பதில் சொல்கிறான். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பு கொண்டுவந்து வைக்கப்படுகிறது. அவள் உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.’ உள்ளே இருந்த கல் தீர்ப்புச் சொன்ன வாயருகிலேயே தெறிக்கிறது. அதற்கு மேல் வாதம் இல்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி விழுகிறான். அவனைப் பச்சோந்தி என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

நூல் விஷயத்தில் உன் மனம் மாறியது சிலம்பு உடைந்த வகை: கையில் எடுத்தாய், திறந்தாய், உள்ளே இருந்தது தெறித்தது. முதலாண்டில் அதை வெறுத்தது பொற்கொல்லன் வகை. சுற்றிலும் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள், நீயும் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தாய், நம்பிவிட்டாய். எனவே நீ வெட்கப்பட வேண்டியது பழைய கருத்துக்குத்தான். அதுவும் கொஞ்ச நேரம் போதும்.

பாட்டு வேறு சமாசாரம். அங்கே சாட்சியும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டது பிடித்துப்போகும். காதின் இயல்பு அது. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, இளையராஜாவின் வயலின்களில் ஊறிய காதோடு நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, இது வெறும் கருவிச் சத்தம், ஆறு மாதம் தாங்காது என்று தீர்ப்பு எழுதினேன். பிறகு மதுரையிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பஸ் பயணம். ஓட்டுநரிடம் இருந்ததே அந்த ஒரு கேசட்தான் போலிருக்கிறது. திருச்சி வரை எரிச்சலாக இருந்தது. விழுப்புரம் தாண்டும்போது என் கால் தாளம் போடுவதைக் கண்டுபிடித்தேன். சட்டென்று நிறுத்திவிட்டு, பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தாரா என்று பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மெதுவாக மறுபடியும் போட்டேன்.

ரசனையைப் பாடத்திட்டம் போலத் திணித்துப் பார்த்த அரசாங்கமும் உண்டு. 1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை ஓரங்கட்டினார். சாஸ்திரிய இசை கேட்டு ஜனங்கள் திருந்துவார்கள் என்பது கணக்கு. ஜனங்கள் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கப்பட்டு, திரைப்பாடல்கள் வீட்டுக்குத் திரும்பின. ஒரு வானொலியே ஐந்து வருடத்தில் மனம் மாறியிருக்கிறது. நீ ஓர் அறைத்தோழிக்கு மாறியதில் என்ன குற்றம்?

ஒரே ஒரு எச்சரிக்கை. மெட்டு பிடித்துவிட்டது என்பதற்காக வரிகளுக்கும் வக்காலத்து வாங்காதே. பெண்ணை இழிவுபடுத்தும் வரி, கால் தாளம் போட்டாலும் இழிவான வரிதான். கால் ஒன்று சொல்லட்டும், வாய் ஒன்று சொல்லட்டும். அதில் முரண்பாடு இல்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதியைத் திரும்ப எடுத்துப் பார். கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுவதாக மாதவி எண்ணுகிறாள். அவளும் அதே போலப் பாடிக் காட்ட, அவன் அதை நிஜமென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான். பாட்டில் வருகிற ‘நான்’ பாடுகிறவர்தான் என்று இருவரும் நம்பியதில் ஒரு குடும்பமே சிதறியது.

இனி மேடை. தாராளமாகப் போ. ‘பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்கிறது மணிமேகலை. உனக்கு இந்தத் தடவை தெரிய வேண்டிய பாங்கு ஒன்றுதான். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு: “சென்ற ஆண்டு இதே மேடையில் எதிரணியில் பேசிப் பரிசு வாங்கினேன், அன்று நான் படித்திருந்தது நாலு பக்கம்.” தோழிகள் கையில் வைத்திருக்கும் கல் கீழே விழுந்துவிடும். பாடத்திட்டம் வாசிப்பை வளர்க்கிறது என்று முழுக்கச் சாதிக்கவும் முயலாதே. உன் வகுப்பில் எத்தனை பேருக்கு அந்த நூல் இன்னும் கொட்டாவியாகவே இருக்கிறது என்பது உனக்கே தெரியும். பட்டியலில் இருந்ததால்தான் பெயராவது காதில் விழுந்தது, விடுமுறையில் கை அதைத் தேடிப் போனது. அந்த அளவுக்குச் சொல், நம்புவார்கள். பரிசு இந்த முறை கிடைக்காமல் போகலாம்.

அப்பாவுக்கு அந்தக் கொரியப் பாட்டில் ஒன்றைப் போட்டுக் காட்டினாயா? விளக்கம் எதுவும் சொல்லாதே. அவர் ஏதோ வேலையாக இருக்கும்போது மூன்று நாள் தொடர்ந்து ஓடவிட்டு, அவர் காலைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.