கேட்வே மாட்டுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

தொழிற்கூடங்களில் உள்ள சென்சார்களை, கேட்வே என்ற பெட்டி மூலம் தொலைவிலிருந்து கண்காணிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபது வருடமாக இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறவன் என்பதால், நம் மாவட்டத்துக் கடிதங்களைப் பிரித்ததும் அந்த இடமே கண்ணுக்கு வந்துவிடுகிறது. இந்த முறை நான்கு கடிதங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, அப்பா காலத்து ஐஸ் பிளாண்டை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பிரைன் (உப்புநீர்) தொட்டியின் குளிர், கம்ப்ரசர் பிரஷர், கரண்ட் இருக்கிறதா இல்லையா, இவ்வளவும் வீட்டிலிருந்தே போனில் தெரிய வேண்டும். போர் மோட்டார் 400 மீட்டர் தள்ளித் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வயர்லெஸ் சென்சார், ஒரு கேட்வே என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நம்பிப் போடலாமா? (ஐஸ் பிளாண்ட் உரிமையாளர், குளச்சல்)

பதில்: தம்பி, எந்தக் கேட்வே என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு தாளில் உங்கள் பிளாண்டை வரைந்து, எந்தச் சென்சார் எங்கே, பேனலிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். பிரைன் தொட்டியும் கம்ப்ரசரும் ஒரே ஷெட்டுக்குள்தானே இருக்கின்றன? அவற்றுக்கு வயர்லெஸ் வேண்டாம். ஷீல்டு உள்ள முறுக்குக் கேபிளை இழுத்து நேராகக் கேட்வேயில் கொடுங்கள். பேட்டரி மாற்றும் வேலையும் இல்லை, தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் தேடும் பாடும் இல்லை. தோப்புக்குள் இருக்கும் போர் மோட்டாருக்கு மட்டும் வயர்லெஸ் நோடு (அளவை ரேடியோவில் அனுப்பும் சின்னப் பெட்டி) போடுங்கள். கேட்வே என்பது ஒரு பக்கம் இந்தக் கம்பிகளையும் ரேடியோவையும் கேட்டு, மறுபக்கம் சிம் கார்டு வழியாக வெளியே சொல்லும் பெட்டி. கொட்டேஷனில் பாதி இப்போதே குறைந்துவிடும்.

பிரைனுக்கு பிடி100 என்ற வெப்பநிலை சென்சார் போதும். ஆனால் வைக்கும் இடம் முக்கியம். தொட்டியின் மூலையில், உப்புநீர் ஓடாத இடத்தில் வைத்தால் அந்த மூலையின் குளிரைத்தான் சொல்லும். அஜிடேட்டர் தள்ளும் ஓட்டத்தில், காயிலை ஒட்டாமல், ஸ்டெயின்லெஸ் உறைக்குள் வையுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சென்சாரின் அளவை மின்னோட்டமாக மாற்றும் டிரான்ஸ்மிட்டரை மைனஸ் 20 முதல் பிளஸ் 30 டிகிரி வரை அமைத்திருக்கிறோம் என்று வையுங்கள். 4 மில்லியாம்ப் வந்தால் மைனஸ் 20, 20 மில்லியாம்ப் வந்தால் பிளஸ் 30. பிரைன் மைனஸ் 10-இல் ஓடும்போது 7.2 மில்லியாம்ப் வரும். ஒரு நாள் எலி கம்பியைக் கடித்துவிடுகிறது. மின்னோட்டம் பூச்சியம். கேட்வே அதையும் அதே கணக்கில் போட்டு, மைனஸ் 32.5 டிகிரி என்று காட்டும்! நீங்கள் வைத்த அலாரமோ ‘சூடு ஏறினால் கத்து’ என்பது. குளிர் கூடிவிட்டது என்று அது பேசாமல் இருக்கும். அதனால்தான் 3.6 மில்லியாம்புக்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே போனாலோ பழுது என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான கேட்வேயில் இதற்கு இடம் இருக்கிறது. நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்று என் கையாலேயே நடந்தது. கடலோரத்தில் ஓர் ஐஸ் பிளாண்டுக்கு நான்தான் கேட்வே அமைத்துக் கொடுத்தேன். ஒரு ராத்திரி கம்ப்ரசர் டிரிப் ஆகியிருக்கிறது. அதற்கு முன்பே சிம்மில் டேட்டா தீர்ந்து கேட்வே பேச்சை நிறுத்திவிட்டது. முதலாளியின் போனில் விடியும் வரை மைனஸ் 9 என்றே இருந்தது, ஏனென்றால் கடைசியாக வந்த எண்ணை அப்படியே வைத்திருக்கும்படி திரையை நான் அமைத்திருந்தேன். காலையில் கேனைத் தூக்கினார்கள். ஓரத்தில் விரற்கடை அளவு ஐஸ், நடுவில் தண்ணீர் குலுங்குகிறது. கடலுக்குப் போக ஐஸ் ஏற்ற வந்த படகுக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். அந்த முதலாளி என்னைத் திட்டவில்லை, போனை என் முன்னால் நீட்டிக் காட்டினார். அன்றிலிருந்து நான் அமைக்கும் ஒவ்வொரு திரையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அது வந்த நேரம் இருக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் வர வேண்டிய இடத்தில் 15 நிமிடம் வராவிட்டால் எண் மறைந்து, சிவப்பில் ‘தகவல் இல்லை’ என்று வரும், போனும் அடிக்கும். கொட்டேஷன் கொடுத்தவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். “கேட்வே செத்துப்போனால் எனக்கு எப்படித் தெரியும்?” பதில் சொல்லத் தடுமாறினால் ஆளை மாற்றுங்கள்.

கரண்ட் போகும்போதுதான் உங்களுக்குத் தகவல் வேண்டும். அதனால் கேட்வேக்குத் தனி பேட்டரியும், கரண்ட் போனதைச் சொல்ல ஒரு ரிலேயும் கட்டாயம். இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளைச் சேமித்து வைத்து, வந்ததும் நேரத்தோடு அனுப்பும் வசதி உள்ள கேட்வேயாக வாங்குங்கள். ஆனாலும் 2017 நவம்பர் 30-ஐ நாம் மறக்க முடியாது. ஒக்கி அடித்த அன்று கம்பமும் விழுந்தது, செல்போனும் போனது. அந்த மாதிரி நாளுக்கு போனை நம்பாமல், பிளாண்டிலேயே ஒரு ஹூட்டர் பேட்டரியில் ஓட வேண்டும்.

குளிரூட்ட உங்கள் கம்ப்ரசரில் ஓடும் அம்மோனியா பற்றி ஒரு வார்த்தை. அது செம்பையும் பித்தளையையும் தின்னும். கம்ப்ரசர் அறையில், கேபிள் நுழையும் இடத்தில் பித்தளை கிளாண்டு போட்ட ஒரு பெட்டியை ஒரு வருடம் கழித்துத் திறந்தேன். கிளாண்டின் மரைகளில் நீலப்பச்சைப் பொடி, உள்ளே கம்பி முனையின் செம்பு லக்கில் விரல் வைத்தால் உதிர்கிறது. வெளியே உப்புக் காற்று, உள்ளே அம்மோனியா, இரண்டுக்கும் நடுவில் நம் எலெக்ட்ரானிக்ஸ். நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் கிளாண்டு போடுங்கள், கேபிள் பெட்டிக்கு அடிப்பக்கமாக நுழையட்டும். கேட்வேயைக் கம்ப்ரசர் அறையில் வைக்கவே வேண்டாம், ஆபீஸ் அறையில் வையுங்கள். அம்மோனியா கசிவு அலாரம் மட்டும் கேட்வேயை நம்பி இருக்கக் கூடாது. அது தன் கம்பியில் தனியாக நின்று கத்த வேண்டும். போனிலிருந்து கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் வசதியையும் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் தம்பி. அங்கே ஆள் நிற்கிறாரா, குனிந்து வேலை பார்க்கிறாரா என்று போனுக்குத் தெரியாது.

சிம் வாங்கும் முன் ஆபீஸ் அறையில், கேட்வே வைக்கப்போகும் அதே சுவரில், இரண்டு மூன்று கம்பெனி சிம்மைப் போட்டுப் பாருங்கள். இதற்கென்றே, இயந்திரங்கள் தங்களுக்குள் பேச எம்2எம் சிம் கிடைக்கிறது, எண் 13 இலக்கமாக இருக்கும். சாதாரண சிம்மில் வெளியிலிருந்து கேட்வேயைக் கூப்பிட முடியாது, ஏனென்றால் ஒரே முகவரியைப் பல பேருக்குப் பங்கு வைத்திருப்பார்கள். கேட்வேதான் உள்ளிருந்து அனுப்ப வேண்டும். எம்க்யூடிடி என்ற முறையில், பூட்டுப் போட்ட 8883 போர்ட்டில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியோடு வந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு வழியாகத்தான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒரு லோரா கேட்வே கொண்டுவந்தார். 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. இங்கே ஓடுமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: ஓட விடாதீர்கள். லோரா என்ற தொலைதூர ரேடியோ முறைக்கு நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி. 915-ஐ ஒட்டி இங்கே செல்போன்கள் டவரோடு பேசுகின்றன, அங்கே நுழைவது சட்டப்படியும் தப்பு. வாங்கும்போது ‘ஐஎன்865’ என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, எந்தக் கேட்வேயானாலும் ஆன்டெனாவை மாட்டிய பிறகே கரண்ட் கொடுங்கள். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் ரேடியோ பகுதியே போய்விடக்கூடும்.

கேள்வி: அண்ணா, குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம். மேட்டில் வீடு, பள்ளத்தில் தண்ணீர்த் தொட்டி, ஷீட்டுக்குப் புகை போடும் அறை. வீட்டில் கேட்வே. தை மாதம் போட்டுக் காட்டியபோது எல்லாம் பளிச்சென்று வந்தது. ஆனி பிறந்ததிலிருந்து தொட்டி நோடு பாதி நேரம் வருவதே இல்லை. போட்டுத் தந்தவர், நோடு கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். (தோட்ட உரிமையாளர், குலசேகரம்)

பதில்: புதிது வாங்காதே தங்கச்சி. நோடு நன்றாகத்தான் இருக்கும். தை மாதம் உன் ரப்பர் மரங்கள் எப்படி நின்றன என்று யோசித்துப் பார். இலை உதிர்த்து மொட்டையாக நின்றிருக்கும். கீழே நின்றால் வானம் தெரியும். இப்போது இலை அடர்ந்துவிட்டது, போதாததற்குத் தென்மேற்குப் பருவமழையில் ஒவ்வொரு இலையும் நனைந்து தொங்குகிறது. ஈர இலை ரேடியோ அலையை உறிஞ்சும். ரப்பர் தோட்டத்தில் தை, மாசியில் சோதித்துவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. சோதனையை மழைக்காலத்தில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் அன்றைய சிக்னலில் 10 டெசிபலாவது மிச்சம் இருக்கும்படி அமைக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது. கேட்வே ஆன்டெனா வீட்டுக்குள் அலமாரிமேல் இருந்தால், மொட்டைமாடித் தொட்டிக்கு மேலே கொண்டுபோ. ஆனால் மெல்லிய ஆர்ஜி58 கேபிளில் 10 மீட்டர் இழுத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் வழியிலேயே கரைந்துவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்குதான் ஆன்டெனாவுக்குப் போகும். கனமான எல்எம்ஆர்400 போடு, இல்லையென்றால் வெளியே வைக்கும் கேட்வேயையே மேலே ஏற்றிவிடு. அங்கே போகும் எதற்கும் இடிதாங்கும் அரஸ்டரும் நல்ல எர்த்தும் வேண்டும். ஐப்பசி இடி உனக்கே தெரியும்.

‘எட்டு டிபிஐ பெரிய ஆன்டெனா போடுங்கள்’ என்று யாராவது சொல்வார்கள். உன் இடத்துக்கு அது ஒத்துவராது. அந்த மாதிரி ஆன்டெனா அலையைத் தட்டையாக்கித் தூரத்துக்குத் தள்ளும். நீ மேட்டில் இருக்கிறாய், தொட்டி காலடியில் இருக்கிறது. அலை தொட்டியின் தலைக்கு மேலே போய்விடும். சின்ன ஆன்டெனாவே நல்லது.

அப்புறம், நோடு எஸ்எஃப்12 என்ற, லோராவின் மிக மெதுவான அமைப்பில் ஓடுகிறதா என்று பார். அது தூரம் போகும், ஆனால் வேகமான எஸ்எஃப்7-ஐப் போல இருபது மடங்குக்கும் மேலான நேரம் காற்றில் இருக்கும். பேட்டரி அந்த அளவுக்குத் தீரும். தண்ணீர்த் தொட்டி நிமிடத்துக்கு நிமிடம் மாறப்போவதில்லை, அரை மணிக்கு ஒரு தகவல் போதும். புகை அறைக்கு மட்டும் 5 நிமிடம் வை. அங்கே தீப்பிடித்தால் ஷீட் மொத்தமும் போய்விடும்.

கேள்வி: சார், கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றில் எனர்ஜி மீட்டரை மோட்பஸ் (கருவிகள் கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கேட்வேயில் இணைத்தேன். மீட்டர் திரையில் 230 வோல்ட். கேட்வேயில் 17254 என்று வருகிறது. கேபிள் மூன்று முறை மாற்றிவிட்டேன். (பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்)

பதில்: கேபிளை விடுங்கள், உங்கள் கம்பி அருமையாக வேலை செய்கிறது. 17254 தப்பான எண் இல்லை, 230-இன் முன்பாதி. மீட்டர் வோல்டேஜை 32 பிட் ஃபுளோட்டாக (புள்ளி வைத்த எண்ணாக) வைத்திருக்கிறது. 230.0 என்பது ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 43660000. எண்ணை வைக்கும் அறையான மோட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்றில் 16 பிட்தான் கொள்ளும், அதனால் 4366 ஒரு ரெஜிஸ்டரில், 0000 அடுத்ததில். நீங்கள் முதலாவதை மட்டும் முழு எண்ணாக வாசித்திருக்கிறீர்கள். 4366-ஐ டெசிமலில் போட்டுப் பாருங்கள், 17254 வரும்.

கேட்வேயில் இரண்டு ரெஜிஸ்டராக, ஃபுளோட் என்று மாற்றுங்கள். அப்போது பூச்சியம் மாதிரி ஏதோ வந்தால் முன்பாதி பின்பாதி இடம் மாறியிருக்கிறது, ‘வேர்டு ஸ்வாப்’ கொடுங்கள். கையேட்டில் 40001 என்று இருந்தால் சில கேட்வேயில் 0 என்று கொடுக்க வேண்டும், சிலவற்றில் 1. இரண்டையும் போட்டுப் பாருங்கள். தகவலே வராவிட்டால் ஏ, பி கம்பிகளை மாற்றிப் போடலாம், ஒன்றும் எரியாது, அந்தப் பெயரை எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி வைப்பதில்லை. 120 ஓம் ரெசிஸ்டர் கம்பியின் இரண்டு முனையிலும் மட்டும், நடுவில் உள்ள மீட்டரில் கூடாது.

சரியாக வந்ததும் எந்த ரெஜிஸ்டர், எந்த வரிசை, மீட்டரின் முகவரி எண், எவ்வளவு வேகம் என்பதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்து அந்தக் கதவைத் திறக்கிறவர் ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிப்பார்.