அடுத்த சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறார்கள், இடம் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர், ஆலை இயந்திரங்களில் பொருத்தும் சென்சார் செய்கிறோம். வேறொரு நகரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் டெக் பார்க்கில் இடம் பிடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். மூன்று வருட ஒப்பந்தம், முன்பணம் ஆறு மாத வாடகை. அந்த நகரம்தான் அடுத்த சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறார். போனால் தொழில் வளருமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதம் நிச்சயமாக வேண்டாம்.

முகவர் உங்களுக்குக் காட்டியது கட்டடத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆட்களை. ஒரு கம்பெனியில் வேலை பழகியவர் அங்கிருந்து வெளியே வந்து, அதே ஊரில் இன்னொன்றைத் தொடங்கவோ போட்டிக் கம்பெனியில் சேரவோ முடிகிறதா? தொழில் பெருகிய நகரங்களில் இது அன்றாடம் நடக்கும். கலிபோர்னியாவில், பிறகு சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெயரெடுத்த இடத்தில், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லி ஒரு ஆய்வகம் நடத்தினார். 1957-இல் அங்கிருந்த எட்டுப் பேர் அவரோடு ஒத்துப்போகாமல் மொத்தமாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் நாய்ஸும் மூரும் 1968-இல் அதிலிருந்து கிளம்பிப் போய் ஆரம்பித்ததுதான் சிப் செய்யும் இன்டெல். இவர்களை யாரும் கோர்ட்டுக்கு இழுத்து முடக்கிப் போடவில்லை, ஏனென்றால் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஊழியரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் 1872-இலிருந்தே செல்லாது. சிலிக்கானை மனதில் வைத்து எழுதிய சட்டமா என்ன!

அதே காலத்தில் பாஸ்டனைச் சுற்றி ஓடும் 128-ஆம் சாலைப் பகுதிக்குப் பக்கத்திலேயே எம்ஐடி என்ற பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருந்தது, பணம் இருந்தது, ராணுவ ஆர்டரும் இருந்தது. ஆனால் அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் முடிந்தவரை எல்லாவற்றையும் தங்கள் சுவருக்குள்ளேயே செய்துகொண்டன. அவை விற்ற, அலமாரி அளவிலான மினி கம்ப்யூட்டருக்கு மவுசு போனதும் சேர்ந்தே சரிந்தன. அவற்றில் பெரியதான டிஜிட்டல் எக்யுப்மென்ட்டை 1998-இல் காம்பேக் என்ற பிசி கம்பெனி வாங்கிக்கொண்டது.

அப்படியானால் அரசு கட்டிய பார்க் எல்லாமே வீணா என்று கேட்பீர்கள். தைவானின் சின்சு அறிவியல் பூங்கா அரசு கட்டியதுதான், 1980-இல் திறந்தது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எது முதலில் வந்தது என்று பாருங்கள். 1973-இல் ஒரு அரசு ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்திடம் தொழில்நுட்ப உரிமம் வாங்கி, இளம் பொறியாளர்களை அங்கேயே அனுப்பி சிப் செய்யப் பழக்கினார்கள். அவர்கள் திரும்பி வந்து ஒரு சோதனை ஆலையை ஓட்டிக் கைதேர்ந்தார்கள். அப்புறம்தான் பூங்கா. அந்த நிலையத்திலிருந்து பிரிந்து வந்த சிப் கம்பெனிகள்தான் யூஎம்சியும், 1987-இல் டிஎஸ்எம்சியும். நம் அதிகாரிகள் இந்தக் கதையில் ரிப்பன் வெட்டும் இடத்தை மட்டும் படித்துவிட்டு வந்து, எல்லா அனுமதியும் ஒரே இடத்தில் கிடைக்கும், ஒற்றைச் சாளர அனுமதி என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். சாளரம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் பழைய மேசைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சரி, உங்கள் விஷயம். வேலை நாள் ஒன்றில் முகவர் இல்லாமல் அங்கே போங்கள். வாசலில் காவலாளியிடம் இருக்கும் வருகைப் பதிவேட்டை, அவர் விட்டால், ஒரு பார்வை பாருங்கள். நான் ஒருமுறை அப்படிப் பார்த்த கட்டடத்தில், முகப்புப் பலகையில் வரிசையாகக் கம்பெனிப் பெயர்கள், பதிவேட்டில் அன்று காலை வந்தவர்கள் இரண்டு கூரியர்காரர்களும் ஒரு ஏசி மெக்கானிக்கும்தான். வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட வரவில்லை. பாதிப் பெயர்கள் சலுகைக்காக முகவரி மட்டும் வாங்கியவர்கள் என்று காவலாளியே சொன்னார்.

சென்சார் செய்கிற உங்களுக்கு, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஆலைகள் இருக்கின்றனவா, அரைகுறை மாதிரியை ஓடுகிற இயந்திரத்தில் மாட்டிப் பார்க்க விடுவார்களா என்பதுதான் முக்கியம். மாலையில் சர்க்யூட் போர்டு கருகினால் மறுநாள் காலைக்குள் வேறொன்று செய்து தர ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் இப்போதிருக்கும் இடமே மேல்.

இந்த முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இடத்துக்கு வாடகை போதாதென்று, முதலீட்டாளரை அறிமுகப்படுத்துகிறேன், அதற்குக் கம்பெனியில் பங்கு எழுதிக் கொடுங்கள் என்பார்கள். மானியம் வாங்கித் தருகிறேன், கட்டணத்தை முன்கூட்டியே வையுங்கள் என்பார்கள். மானியத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். படிவம் எரிச்சலூட்டும், அதே விவரத்தை நான்கு இடத்தில் கேட்பார்கள், ஆனாலும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. வழிகாட்டிகள் என்று புகைப்படத்தோடு ஒரு பட்டியல் நீட்டினால், அதில் இரண்டு பேருக்கு நேரடியாகப் போன் போடுங்கள். தங்கள் படம் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் கிடைப்பார்கள்.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், முதல் ஆறு மாதத்துக்கு மாத வாடகையில் மேசை மட்டும் எடுங்கள். ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம், அதாவது கட்டாயம் இருந்தாக வேண்டிய காலம், எவ்வளவு, நடுவில் காலி செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கிருந்து காலி செய்துவிட்டுப் போன இரண்டு கம்பெனிகளின் தொலைபேசி எண்ணையும் முகவரிடமே கேளுங்கள்.