விழுதில்லாத குகை

கேள்வி: உலகிலேயே மிக நீளமானது என்று அமெரிக்காவின் மாமத் குகையைச் சொல்கிறார்கள். படங்களிலோ வெறும் சுரங்கப்பாதைகள்தாம் தெரிகின்றன. சுண்ணாம்புக் குகை என்றால் கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்க வேண்டாமா?

பதில்: படங்கள் காட்டுவது உண்மைதான். கென்டக்கி மாநிலத்திலுள்ள அந்தக் குகையில் அளந்து வரைபடமாக்கிய பாதைகளே 650 கிலோமீட்டருக்கு மேல் இருந்தும், அவற்றின் பெரும்பகுதியில் ஒரு விழுதுகூடக் கிடையாது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளின் மேல் தொப்பியாகக் கவிந்திருக்கும் மணற்கல்லே அதற்குக் காரணம்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று, வலுக்குறைந்த அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அதே நீர் குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயுவை வெளியே விட்டுவிடுவதால், கரைந்திருந்த சுண்ணாம்பில் சிறிதளவு சொட்டின் விளிம்பைச் சுற்றி மோதிரம்போலப் படிகிறது. மோதிரத்தின்மேல் மோதிரம் சேர்ந்து மெல்லிய குழலாகி, துளை அடைபட்டபின் நீர் வெளிப்புறமாக வழிய, விழுது பருக்கிறது. மாமத் குகையின் மேற்பாதைகளுக்கு மணற்கல் அந்தச் சொட்டையே அனுமதிப்பதில்லை. ஆனால் அழகைத் தடுத்த அந்தத் தொப்பிதான் பழைய பாதைகள் அரித்து இடியாமல் காத்தும் வந்திருக்கிறது. குகையின் நீளத்தில் அதற்கும் பங்குண்டு. தொப்பி அரிக்கப்பட்டுவிட்ட ஓரிடத்தில், உறைந்த நயாகரா என்று பெயர் பெற்ற கல் அருவி திரைத்திரையாக வழிந்து நிற்கிறது. வறண்ட பாதைகளும் முற்றிலும் வெறுமையானவை அல்ல: சுவர்களில் ஜிப்சம், இதழ் சுருண்ட வெள்ளைப் பூக்களாக மலர்ந்திருக்கும். என்னைக் கேட்டால், விழுதுகளைவிட அவையே அரிய காட்சி.

கேள்வி: மாமத் யானையின் எலும்புகள் கிடைத்ததால் வந்த பெயரா?

பதில்: இல்லை. பிரம்மாண்டமானது என்ற பொருளில் வைத்த பெயர்.

கேள்வி: குகையைக் குடைந்த நீர் இப்போது எங்கே?

பதில்: அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அருகிலுள்ள கிரீன் ஆறு தன் பள்ளத்தாக்கை ஆழப்படுத்த ஆழப்படுத்த நிலத்தடி நீர்மட்டமும் தாழ்ந்து, மேல்தளப் பாதைகள் ஒவ்வொன்றாக வறண்டன. நீர் இன்னும் கீழே புதிய வழி தேடிக்கொண்டது. அதனால்தான் குகை பல தளங்களாக அமைந்துள்ளது. கீழே ஓடும் எக்கோ ஆற்றின் இருளில் கண்ணற்ற மீன்கள் வாழ்கின்றன. உடல் வெளுத்த அவை, நீரின் அசைவை உணர்ந்தே இரை தேடுகின்றன.